மின்னலுக்குக் கழற்றிய அடாப்டர்

போன மாதம் ஹட்டன் கடையிலிருந்து டிலானி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசையில் உட்கார்ந்து கணினி பழுது பார்ப்பவள் அவள்தான்.

"சரோ அக்கா, ஒங்க பெட்டி ஒண்ணு மேல் தட்டுல கெடக்கு. எல்லாம் பழைய வைஃபை அடாப்டர். இப்ப வர்ற மெஷின்ல அதெல்லாம் உள்ளுக்கே வருதே, வீசிறவா?"

"எதுக்கும் ஒரு தடவ நல்லாப் பார்த்துட்டு…"

"பார்த்துட்டேன் அக்கா. ஒண்ணுல துன்னூறு பூசியிருக்கு. ஆயுத பூசைக்கு வச்சீங்களா?"

"அத மட்டும் வீசாத."

ஏன் என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்ல ஆரம்பித்தால் கடைக்கு வந்தவர்கள் காத்து நிற்பார்கள், அவள் பெயர் கெடும் என்று பயந்து, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அரைகுறையில் பள்ளிக்கூடத்தை விட்டவள் என்னத்தை எழுதுவது என்ற கவலை பிடித்துக்கொண்டது. இப்போது எழுத உட்காருவதற்கு முன்னாலும் அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அணைத்துத்தான் இருந்தது.

நான் வேலை பழகிய கதை பெரிதல்ல. அம்மாவுக்கு நெஞ்சு நோய் வந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுக்கச் சேர்ந்தேன். வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்க ஆட்கள் வாசலில் வரிசையாக நின்ற காலம் அது. பிறகு கடைக்குக் கணினி வந்தது. வந்ததும் பழுதாகத் தொடங்கியது. அதைப் பார்க்க சுனில் மாத்தயா வந்தார். அவருக்குத் திருகாணி எடுத்துக் கொடுக்கத் தொடங்கியவள், கடைசியில் அவருடைய கடைக்கே வேலைக்குப் போய்விட்டேன். ஆங்கிலம் எனக்குத் திரையில் வரும் அளவுக்குத்தான் தெரியும். அதையும் வாசிப்பதைவிட முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண்கிற மாதிரித்தான் பிடித்துக்கொள்வேன்.

சுனில் மாத்தயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல உயரம், எப்போதும் முழுக்கைச் சட்டை. ஒரு வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். கணினிப் பக்கம் போகவே மாட்டார். சுவரில் பிளக் எப்படி இருக்கிறது, கூரை எங்கே ஒழுகுகிறது, நாய் எங்கே படுக்கிறது என்று பார்த்துக்கொண்டே அறையைச் சுற்றுவார். தேநீர் வந்தால் மட்டும் ஒரு கை முன்னால் வரும்.

"மாத்தயா, மெஷினப் பார்க்கலியா?" என்று நான் பதறுவேன்.

"மெஷின் எங்கயும் ஓடாது நங்கி. மொதல்ல வீட்டப் பாருங்க."

நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை, மாத்தயா என்றால் ஐயா. அவர் தமிழை எங்களைப் போலவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்குப் போய்விடுவார். கோபம் வருவது அபூர்வம். தேநீர் முடிந்ததும் வீட்டுக்காரரிடம், "கடைசியா எப்ப ஒழுங்கா வேல செஞ்சிச்சு? அதுக்குப் பொறகு வீட்டுல என்ன நடந்திச்சு?" என்று கேட்பார். ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவர் அதை ஒப்புக்கொண்டதுபோலத் தலையாட்டிவிட்டு, மழை பெய்ததா, விசேஷம் ஏதும் வந்ததா, யாராவது வந்து தங்கினார்களா என்று ஊர்ச் செய்தி விசாரிப்பதுபோல விசாரிப்பார். கந்தப்பளையில் ஒரு வீட்டில் அப்படிக் கேட்டுக் கேட்டு, மகளின் சடங்குக்குச் சோடனை விளக்குப் போட வந்தவர்கள் கணினியின் பிளக்கைப் பிடுங்கி வேறு இடத்தில் மாட்டியது வெளியே வந்தது. திரையைத் தொடாமலே வேலையை முடித்துக்கொண்டு இறங்கினார்.

என் சுபாவம் வேறு. ஒரு கணினியைத் திறந்தால், இதில் யாருடைய கலியாணப் படம் இருக்கிறதோ, நான் அழித்துவிடுவேனோ என்றுதான் முதலில் நினைப்பேன். அதனால் ஒரு டிரைவரை மாற்றும் முன் பழையதைப் பிரதி எடுத்து வைப்பேன். ஏதாவது பிழையானால் திரும்பி வர ஒரு வழியும் செய்து வைப்பேன். அப்படியும் பஸ்ஸில் ஏறிய பிறகு, அந்தக் கட்டத்தில் சரி போட்டேனா, போடவில்லையா என்று மனசு அரிக்கும். மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, வேலை செய்கிறதா என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "செய்யிது அக்கா. நீங்க கேக்குறப்பதான் எங்களுக்குப் பயமா இருக்கு" என்று ஒரு டீச்சர் சொன்னதைக் கடையில் எல்லாரும் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேட்பதை விடவில்லை.

சுனில் மாத்தயா கண் பார்வை மங்கி, வேலையை விட்டு வலப்பனையில் உள்ள தன் வீட்டுக்கே போன பிறகு வெளி வேலைகளுக்கு நான் தனியாகப் போனேன். செல்லம்மா கடைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். ஐப்பசி மழை பிடித்திருந்தது. கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நனைந்த தலையோடு வந்து, பொலித்தீன் பைக்குள்ளிருந்து ஒரு வைஃபை அடாப்டரை எடுத்து மேசையில் வைத்தார். விரல் நீளத்தில் கறுப்புக் குச்சி, மடக்கி நிமிர்த்துகிற அன்டெனாவோடு.

"இந்தக் குச்சி செத்துப்போச்சுங்களா அக்கா? கொஞ்சம் பாருங்க."

கடைக் கணினியில் செருகினேன். விளக்கு மின்னியது.

"குச்சி நல்லாத்தான் இருக்கு. ஒங்க வீட்டு மெஷின்ல டிரைவர் பிழை போல."

"மெஷினுக்குமா டிரைவரு?"

"இந்தக் குச்சி பேசுறது மெஷினுக்குப் புரியாது செல்லம்மா. நடுவுல ஒண்ணு நின்னு, இது இன்னது சொல்லுதுன்னு அதுக்குச் சொல்லணும். அதத்தான் டிரைவர்னு சொல்றது."

செல்லம்மா சிரித்துவிட்டார். "அப்ப எங்க வீட்டுக்காரருக்கு நாந்தான் டிரைவருங்க. அவருக்குப் பொறப்புலயே காது கேக்காது, பேச்சும் இல்ல."

அந்தச் சிரிப்போடுதான் மற்றதையும் சொல்லத் தொடங்கினார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரே மகள் கௌசல்யா, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவளுக்குக் காது கேட்கும். ஆனால் அப்பாவோடு கையால் பேசியே வளர்ந்தவள். வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் அந்த வீட்டம்மா அவளுக்குக் கொஞ்ச நேரம் விடுவார். அப்போது வீடியோவில் அப்பாவோடு பேசுவாள். தொலைபேசியில் அது சரிவராது. அதை ஒரு கையில் பிடித்தால் மிச்சம் ஒரு கைதான் பேசும். போதாததற்கு அவருக்குக் கண்ணில் புரை, சின்னத் திரையில் விரல்கள் தெரியாது. அதற்காகவே கௌசல்யா முதல் சம்பளத்தில் ஒரு பழைய மேசைக் கணினி வாங்க வைத்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் அவர்களுடையது கீழ் லயம், அங்கே சிக்னல் கிடையாது. மேட்டு லயத்தில் செல்லம்மாவின் தங்கை வீட்டு ஜன்னலில் ரவுட்டரை வைத்து, இங்கே இந்தக் குச்சியால் பிடிக்கிறார்கள்.

"மக போறது அவருக்குப் புடிக்கலீங்க. போற அன்னிக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. காது கேக்காத மனுசன் மூஞ்சியத் திருப்பினா பேச்சு முடிஞ்சிச்சுன்னு அர்த்தம். அப்புறம் இந்த மெஷின் வந்துதான் சமாதானம் ஆனாங்க. இப்ப என்னன்னா, பேசிக்கிட்டே இருக்கும்போது நின்னு போகுது. நின்னா அன்னிக்கு மறுபடி வர்றதே இல்ல. போன வெள்ளிக்கிழம தங்கச்சி போனுக்கு எடுத்து அழுவுறா. அப்பா கைய நீட்டி நிப்பாட்டுறாராம். நா பார்த்தேம்மாங்கிறா."

"மெஷின் பழுதுன்னு சொல்லலியா?"

"சொன்னேங்க. அப்பாவுக்காக நீ பொய் சொல்றங்கிறா. இந்த மாசத்தோட அவளுக்கு ஒப்பந்தம் முடியுது. அப்பாவுக்கு என் மூஞ்சியப் பார்க்கப் புடிக்கலன்னா நா வந்து என்ன செய்ய, இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கிறேங்கிறா."

செல்லம்மா முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இப்படிப்பட்ட அடாப்டர்களின் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. ஒரே பெட்டி, ஒரே நிறம், உள்ளே இருக்கும் சில்லு மட்டும் வேறு வேறாக வரும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அதன் பெயரின்மேல் வலது பக்கமாக அழுத்தி, ப்ரொபர்டீஸுக்குள் போய், ஹார்ட்வெயார் ஐடி என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உள்ள எழுத்தும் எண்ணும்தான் அதன் உண்மையான பெயர். அந்தப் பெயருக்கான டிரைவரைக் கடையிலேயே தேடி பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். வீட்டில் போய்த் தேட முடியாது. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். அந்தச் சில்லுக்குப் பழைய பதிப்புத்தான் ஒத்துப்போகும். புதிய பதிப்பைப் போட்டால் விளக்கு மின்னும், எல்லாம் சரி என்று திரை சொல்லும், பக்கத்தில் இருக்கும் ஒரு ரவுட்டரையும் காட்டாது.

மறுநாள் லயத்துக்குப் போனேன். முன்னறையான காம்பராவில் சாமித் தட்டு, அதன் பக்கத்தில் தொலைக்காட்சி, அடுத்தது பூப்போட்ட துணி போர்த்திய கணினி. செல்லம்மாவின் வீட்டுக்காரர் மருதமுத்து அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பதிப்பைப் போட்டேன், மேட்டு லயத்து ரவுட்டர் வந்தது. அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்துவிட்டு, செல்லம்மாவிடம் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று பிசைந்து காட்டி ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

செல்லம்மாவுக்குச் சங்கடம். "ஒண்ணுமில்லீங்க. தேத்தண்ணி குடுக்கச் சொல்றாரு."

"கையப் பெசையிறாரே?"

"அது… ஒங்களுக்கு அவர் வச்ச பேருங்க. நீங்க வந்ததுலருந்து கையப் பெசஞ்சுகிட்டே இருக்கீங்கள்ல."

குனிந்து பார்த்தேன். அப்போதும் பிசைந்துகொண்டுதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை இணைப்பு மறுபடி போய்விட்டது. பேச்சு நடுவில் நின்றது, திரும்பி வரவே இல்லை. செல்லம்மா கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு வந்தபோது மருதமுத்து அண்ணன் செத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாராம். நான் இரண்டாம் தடவை போனேன். நான் போட்ட பழைய பதிப்பு இருந்த இடத்தில் புதிய பதிப்பு உட்கார்ந்திருந்தது. முன்பு இருந்ததற்குத் திரும்பிப் போக ஒரு பொத்தான் உண்டு. அது மங்கிக் கிடந்தது, அழுத்த முடியவில்லை. அது எனக்கு உறுத்தியது. நான் என் கையால் பழையதைப் போட்டிருக்கிறேன், திரும்பிப் போக இடமே இல்லை என்று இது எப்படிச் சொல்லும்? விண்டோஸ் தானாக எதையோ இறக்கியிருக்கும் என்று நினைத்து, தானாக டிரைவர் எடுப்பதை நிறுத்தினேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த அடாப்டரை அணைக்கலாம் என்று ஒரு சரி இருக்கும், அதையும் எடுத்தேன். பழைய பதிப்பைப் போட்டேன். வேலை செய்தது. அடுத்த நாள் காலையிலும், அதற்கடுத்த நாளும் செல்லம்மாவின் தங்கை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். வேலை செய்கிறது என்றார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது, இணைப்புப் போய்விட்டது.

அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. விடிந்ததும் வலப்பனைக்கு எடுத்து சுனில் மாத்தயாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நங்கி, ரெண்டு தடவையும் மெஷினப் பார்த்திருக்கீங்க" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பேசுகிற நேரத்துக்கு வெகு முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். கௌசல்யா அன்றைக்கு வீட்டம்மாவிடம் முடிவு சொல்ல வேண்டும். செல்லம்மாவும் அரைநாள் வேலைக்கு அரைப்பேர் போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்; அரைச் சம்பளம் போனால் போகட்டும் என்றார். முதலில் மாத்தயாவைப் போலக் கையைக் கோத்துக்கொண்டு காம்பராவைச் சுற்றி வந்தேன். கூரை ஒழுகவில்லை. நாயும் இல்லை. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை, கணினியில் உட்கார்ந்தேன்.

டிவைஸ் மேனேஜரில் மேலே வியூ என்று இருக்கும். அதில் மறைந்திருப்பவற்றையும் காட்டச் சொல்லலாம். ஒரு காலத்தில் செருகி, இப்போது இல்லாத சாமான்களெல்லாம் சாம்பல் நிறத்தில் தெரியும். அதை அழுத்தினேன். அதே அடாப்டர், அதே பெயர், பக்கத்தில் இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றது. ஒரே அடாப்டரை வேறு வேறு துளையில் செருகினால் அப்படி வரும். கணினிக்கு ஒவ்வொரு துளையிலும் அது புது ஆள். புது ஆளுக்குத் தன்னிடம் உள்ளதில் புதிய டிரைவரைத்தான் அது எடுத்துக் கொடுக்கும். நான் பழையதைப் போட்டது ஒரு துளையில் இருந்த அடாப்டருக்கு மட்டும். திரும்பிப் போக இடமில்லை என்று பொத்தான் சொன்னதும் உண்மைதான், அந்தத் துளையில் நான் பழையதைப் போடவே இல்லை.

"செல்லம்மா, இந்தக் குச்சிய யாரு கழட்டுறது?"

"யாரும் தொடுறதில்லீங்க."

"தொடாம இப்படி வராதே. வேற துளையில மாட்டியிருக்காங்க."

"சத்தியமா யாரும் தொடுறதில்லக்கா. நீங்க போனதுலருந்து நா தூசி தட்டக்கூட இல்ல."

அவர் பொய் சொல்பவர் இல்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். அப்போது எதிர்மலைக்கும் அப்பால் ஒரு மின்னல் வெட்டியது. அறையில் வெளிச்சம் பட்டு மறைந்தது. மருதமுத்து அண்ணன் கட்டிலிலிருந்து எழுந்தார். தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்கினார். கணினிக்குக் குனிந்து அடாப்டரைக் கழற்றினார். அதைச் சாமித் தட்டில், திருநீற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மறுபடி போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். செல்லம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார், தலையைக்கூடத் தூக்கவில்லை.

"செல்லம்மா! இப்ப என்ன செஞ்சாரு?"

"மின்னல் வெட்டுதுங்களே. கழட்டுறாரு."

"யாரும் தொடுறதில்லன்னு சொன்னீங்க?"

"இது தொடுறதாங்க? மின்னலுக்குக் கழட்டுறது. ஒங்க வீட்டுல கழட்ட மாட்டீங்களா?"

கழற்றுவோம். எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள். மழைக்கு முன்னால் காற்று திரும்பினாலே பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுவேன். லயத்தில் ஒரு வீட்டில் மின்னலுக்குத் தொலைக்காட்சி எரிந்தால் அந்தக் கதை தலைமுறைக்கும் நிற்கும். மேட்டு லயத்திலிருந்து கம்பி இழுக்காததும் அந்தப் பயத்தால்தான். அதனால் மின்னலுக்குக் கழற்றுவது எங்கள் ஆட்களுக்கு ஒரு செயலே இல்லை. மூச்சு விட்டதை யார் கணக்கில் சொல்வார்கள்?

இடிச்சத்தம் வெகுநேரம் கழித்து, பெட்டி உருட்டுகிற மாதிரி மெல்ல வந்தது. தூரத்து மின்னல். அந்தத் தூரத்துக்கு நான்கூடக் கழற்ற மாட்டேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இடி எங்கே இருக்கிறது என்று சத்தத்தை வைத்துத்தான் நாம் பயத்தை அளக்கிறோம். அவருக்குச் சத்தம் இல்லை, வெளிச்சம் மட்டும்தான். எந்த மலையில் வெட்டினாலும் அவருக்கு அது கூரைக்கு மேலேதான். ஐப்பசியில் பின்னேரமானால் எங்கேயாவது ஒரு மூலையில் வெட்டிக்கொண்டேதான் இருக்கும். கௌசல்யா பேசுவதும் அந்த நேரம்தான். செல்லம்மா மலையில் நிற்பார். இவர் கையை நீட்டிக் கழற்றுவார். பிறகு புரைக்கண்ணோடு தடவி, கிடைத்த துளையில் மாட்டுவார்.

சுனில் மாத்தயாவாக இருந்தால் மற்றத் துளைகளை டேப் போட்டு ஒட்டியிருப்பார். கடைகளில் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். கழற்ற வேண்டாம் என்று அண்ணனுக்குச் சொல்லும்படி செல்லம்மாவிடம் கேட்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் பயப்படுகிற மனுசனிடம் பயப்படாதே என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அதை ஆயுள் முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கழற்றாமல் இருக்க மாட்டார். கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டப் பயப்படுவார், அவ்வளவுதான்.

மின்னல் வெளிச்சம் அடங்கும்வரை அவர் குச்சியைத் தரவில்லை. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். நேரம் போய்க்கொண்டிருந்தது. என் கண் சாமித் தட்டைவிட்டு நகரவில்லை.

தந்ததும் தொடங்கினேன். சாம்பல் நிறத்தில் நின்றதையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினேன். நீக்கும்போது டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் சரி போட்டேன். போட்டேனா என்று திரும்பவும் பார்த்தேன். புதிய பதிப்பு கணினியில் ஒரு மூலையிலும் இல்லை என்று தெரிந்த பிறகு அணைத்து எழுப்பி, பழைய பதிப்பை மட்டும் உள்ளே வைத்தேன். பிறகு முன்னால் இருந்த துளையில் அடாப்டரைச் செருகி, மேட்டு லயம் தெரிகிறதா என்று பார்த்து, கழற்றி, அடுத்த துளையில் செருகினேன். முன்பக்கம் முடிந்து கணினியைத் திருப்பிப் பின்பக்கம். எந்தத் துளையில் போனாலும் அதற்கு இனி அந்த ஒரு டிரைவர்தான். மருதமுத்து அண்ணன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு தடவை விளக்கு மின்னும்போதும் கன்னத்தில் ஒரு விரலை வைத்தார்.

"அது கௌசல்யா பேருங்க. அவ கன்னத்துல மச்சம் இருக்கு," என்றார் செல்லம்மா. "இந்தக் குச்சிக்கும் அவரு அந்தப் பேருதான் சொல்றது."

கடைசித் துளையில் இருக்கும்போதே அழைப்பு வந்துவிட்டது. நான் எழுந்து கதவைத் திறந்து வாசலில் ஒதுங்கி உட்கார்ந்தேன். திரையில் கௌசல்யா, தலையில் முக்காடு, பின்னால் அடுக்களை அலமாரி. முதலில் அவள் கைகள் சுருக்கமாகத்தான் பேசின. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். இன்றைக்கும் நிறுத்திவிடுவாரோ என்று காத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

மின்னல் வெட்டியது.

"ஐயோ" என்று செல்லம்மா எழுந்தார். அதற்குள் அவர் கை நீண்டுவிட்டது. கௌசல்யாவின் முகம் அப்படியே உறைந்து, மறைந்தது. அவர் குச்சியைச் சாமித் தட்டில் வைத்துக் கும்பிட்டார். வாசலுக்கு வந்து, என்னைத் தாண்டி, எதிர்மலையை எட்டிப் பார்த்தார். செல்லம்மா அவர் தோளைத் தட்டி, காதைத் தொட்டு, தூரத்து மலையைக் கையால் தள்ளித் தள்ளிக் காட்டினார். அவர் நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அந்த வீட்டம்மா கொடுத்த நேரம் முடிந்துவிடுமோ, அந்தப் பெண் இதற்குள் முடிவைச் சொல்லிவிடுவாளோ என்று எனக்கு இருந்தது.

பிறகு அவர் போய், குனிந்து, தடவி, முன்பு இருந்த துளையில் இல்லாமல் வேறொன்றில் செருகினார்.

விளக்கு மின்னியது. நான் எழுந்து நின்றேன். மேட்டு லயம் வந்தது. அழைப்பு மணி அடித்தது.

கௌசல்யா அழுதிருந்தாள். ஆனால் அவள் கை கேட்ட கேள்வி எனக்கே விளங்கியது. நெற்றிக்கு மேலிருந்து விரல்களை வெடுக்கென்று கீழே உதறினாள், பிறகு தலையைச் சாய்த்தாள். மின்னலா? அன்றைக்குக் கதவு திறந்து கிடந்ததால் அப்பாவுக்குப் பின்னால் அடித்த வெளிச்சத்தை அவள் பார்த்திருக்கிறாள். வழக்கமாகக் குளிருக்குச் சாத்தி வைக்கிற கதவு.

அவர் பெரிதாகத் தலையாட்டினார். கன்னத்தில் விரலை வைத்தார், சாமித் தட்டைக் காட்டினார், கும்பிட்டுக் காட்டினார்.

"ஒன்னைய சாமிகிட்ட பத்திரமா வச்சேங்கிறாரு," என்று செல்லம்மா எனக்குச் சொன்னார்.

கௌசல்யா கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பினாள். அவ்வளவுதான், மனுசன் பதறிவிட்டார். அவள் பேச்சை முடித்துவிட்டாள் என்று நினைத்து, திரைக்கு முன்னால் இரண்டு கைகளையும் ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அதன் பிறகு அவர்கள் பேசிய வேகத்துக்குச் செல்லம்மாவால் எனக்குச் சொல்ல முடியவில்லை, சொல்லவும் தோன்றவில்லை. கடைசியில் கௌசல்யா ஒரு கையை விமானம்போல நீட்டி, மெல்ல இறக்கி, மடியில் வைத்தாள்.

"வாறாளாம்க்கா," என்றார் செல்லம்மா.

மறுநாள் காலையில் வழக்கம்போலத் தங்கை வீட்டுக்கு எடுத்து, செல்லம்மாவைக் கூப்பிடச் சொல்லி, வேலை செய்கிறதா என்று கேட்டேன்.

"செய்யுதுங்க," என்றார் செல்லம்மா. "எத்தன தரம் கழட்டுனாருன்னு மட்டும் கேக்காதீங்க."

டிலானி, அந்தத் திருநீறு அப்படிப் பட்டதுதான். கௌசல்யா வந்து கொஞ்ச காலத்தில் ஒரு மடிக்கணினி வாங்கினாள். வைஃபை உள்ளேயே இருப்பது. பழைய குச்சியை வீச மனசில்லை என்று அம்மாவும் மகளும் கடைக்குக் கொண்டுவந்து என்னிடம் தந்தார்கள்.

"இப்ப நிம்மதிதானே, கழட்ட ஒண்ணுமில்ல," என்றேன்.

"எங்க நிம்மதி?" என்றாள் கௌசல்யா. "மின்னல் வெட்டினா மடிக்கணினிய அப்படியே தூக்கிக்கிட்டுப் போயி சாமிகிட்ட வச்சிர்றாரு. அது முடிஞ்சதும் நா எங்க நிக்கிறேன்னு தேடுறாரு."